வாக்குச்சாவடியில் "எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும்?" என்று கேட்கிறார்கள், இது முறைதானா?

புதுவாக்காளர் (டாலஸ்):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, சென்ற ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். சில வாரங்களில் அட்டை அஞ்சலில் வந்துவிட்டது. மார்ச் மாதப் பிரைமரிக்கான (கட்சிகளின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும், நேற்று மதியம் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, வாக்குச்சாவடியாக மாற்றப்பட்டிருந்த எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன்.

மேசையில் இருந்த மூதாட்டி என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார், கணினியில் பெயரைச் சரிபார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி, "டெமாக்ராட்டா, ரிபப்ளிகனா?" என்று கேட்டார், அதாவது ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா என்று. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. என் தந்தை ஒரு தேர்தலைக்கூட விடாமல் வாக்களித்தவர். ஆனால் எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்பதை என் தாயிடம்கூடச் சொன்னதில்லை. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த நான், முன்பின் தெரியாத ஒருவரிடம், நாலு பேர் காதில் விழும்படி எப்படிக் கட்சியின் பெயரைச் சொல்வது? "இரண்டு சீட்டையும் கொடுங்கள், உள்ளே போய் முடிவு செய்துகொள்கிறேன்" என்றேன். ஒன்றுதான் தர முடியும் என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வாக்களிக்காமலேயே திரும்பிவிட்டேன்.

குடியுரிமைத் தேர்வுக்காகப் பிரதிநிதிகள் சபைக்கு 435 பேர், செனட்டுக்கு 100 பேர், அரசியல் சட்டத்துக்கு 27 திருத்தங்கள் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். ஆனால் இந்த மேசைக் கேள்வியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினால் நான் அந்தக் கட்சியின் உறுப்பினர் ஆகிவிடுவேனா? நவம்பரிலும் அதே கட்சிக்குத்தான் போட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அதன் உள்விவகாரம் அல்லவா, அதை அரசாங்கம் ஏன் பொது நூலகத்தில் மேசை போட்டு நடத்துகிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆஸ்டின் தமிழன்:

வணக்கம் சகோதரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாய்ப்பு போய்விடவில்லை. முன்கூட்டிய வாக்குப்பதிவு முடியும் வரை எந்த நாளிலும் போகலாம். அதுவும் தவறிவிட்டால் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை போடலாம். 7 மணிக்கு வரிசையில் நின்றிருந்தாலே போதும், உங்கள் முறை வரும் வரை காத்திருந்து வாக்களித்துவிட்டுத்தான் வருவீர்கள்.

உங்கள் வாக்கின் ரகசியத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. எந்தக் கட்சியின் பிரைமரியில் கலந்துகொண்டீர்கள் என்பது பதிவேட்டில் ஏறும், அது பொது ஆவணமும்கூட. அதனால்தான் பிறகு வேட்பாளர்கள் வீட்டுக்கு அட்டை அட்டையாக அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டில் யாருக்குக் குறியிட்டீர்கள் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. டெக்சாஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிடுவதே கிடையாது. பிரைமரியில் சீட்டு வாங்கும் அந்த நொடியில்தான் கட்சிச் சார்பு என்ற ஒன்று உண்டாகிறது, அதுவும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு தானாகக் காலாவதியாகிவிடும். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. நவம்பர் பொதுத்தேர்தலில் இரு கட்சி வேட்பாளர்களும் சிறு கட்சியினரும் ஒரே சீட்டில் இருப்பார்கள். ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களைக் கேட்பார் இல்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். டெக்சாஸ் பிரைமரியில் வெல்ல 50 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வேண்டும். யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் மே மாதக் கடைசியில் மறுபடி போட்டி நடக்கும். மார்ச்சில் ஒரு கட்சியில் வாக்களித்தவர் மே மாதத்தில் மற்றக் கட்சியின் போட்டியில் வாக்களிக்க முடியாது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அதற்கு விடை நீங்கள் வாழும் இதே மாநிலத்தின் வரலாற்றில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நம் ஊரில் வேட்பாளர் என்பவர் கட்சித் தலைமை சீட்டுக் கொடுத்தவர். விருப்பமனு கொடுத்து, நேர்காணலுக்குப் போய், பட்டியல் வெளியாகும் வரை காத்திருப்பார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கட்சி மாநாடுகளில் கூடிய சிலர்தான் வேட்பாளரை முடிவு செய்தார்கள். அந்த அதிகாரத்தைப் பறித்து வாக்காளரிடம் கொடுக்க வேண்டும் என்ற கிளர்ச்சியில் பிறந்ததுதான் பிரைமரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் தொடங்கி நாடெங்கும் பரவியது. அதிபர் வேட்பாளர் விஷயத்தில் மட்டும் மாநாட்டுப் புள்ளிகளின் பிடி நெடுங்காலம் தளரவில்லை. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார்; சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் ரத்தம் சிந்தும் அளவுக்குக் கலவரம் நடந்தது; அதற்குப் பின் விதிகளைத் திருத்தியதால்தான் 1972 முதல் பிரைமரி வாக்குகளே அதிபர் வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன.

ஆனால் தென் மாநிலங்களில் இந்தப் பிரைமரிக்கு ஒரு கொடுமையான முகம் இருந்தது. அன்றைய டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. அதன் பிரைமரியில் வென்றவர் நவம்பரில் வென்றதற்குச் சமம். 1870இல் வந்த பதினைந்தாவது திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அதை நேரடியாக மீற முடியாதவர்கள், நவம்பர் வாக்கை விட்டுவிட்டுப் பிரைமரியின் கதவை அடைத்தார்கள். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று 1923இல் டெக்சாஸ் சட்டமன்றம் சட்டமே இயற்றியது.

எல் பாசோ நகரில் லாரன்ஸ் நிக்ஸன் என்று ஒரு கறுப்பின மருத்துவர் இருந்தார். அப்போது வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும், ஒன்றரை டாலருக்குக் குறையாது. அந்த நாளில் கூலித் தொழிலாளிக்கு அது சிறிய தொகை அல்ல. 1924 ஜூலையில் தலைவரி கட்டிய ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாக்குச்சாவடிக்குப் போனார். மேசையில் இருந்தவர்கள் சீட்டுத் தர மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1927இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உடனே டெக்சாஸ் சட்டமன்றம், யாரைச் சேர்ப்பது என்பதைக் கட்சியின் செயற்குழுவே முடிவு செய்யலாம் என்று மாற்றி எழுதியது. நிக்ஸன் மறுபடியும் வழக்காடி 1932இல் மறுபடியும் வென்றார். இப்போது சட்டத்தின் துணையே வேண்டாம் என்று கட்சி மாநாடு தானே ஒரு தீர்மானம் போட்டு, வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்றது. நீங்கள் கேட்டீர்களே, "அது கட்சியின் உள்விவகாரம் அல்லவா" என்று, அதே வாதத்தைத்தான் அன்று முன்வைத்தார்கள்: கட்சி ஒரு தனியார் சங்கம், தன் உறுப்பினர் யார் என்பது அதன் விருப்பம். 1935இல் உச்ச நீதிமன்றமே அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

அது மாறியது 1944இல்தான். ஹூஸ்டனில் லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் வாதாடினார். மாநிலத்தின் சட்டப்படி நடந்து, வெல்பவரின் பெயரை மாநிலத்தின் வாக்குச்சீட்டிலேயே ஏற்றும் ஒரு தேர்தல் கட்சியின் சொந்த விவகாரமாக இருக்க முடியாது, அது அரசின் தேர்தல் முறையின் ஓர் அங்கம், ஆகவே நிறத்தின் பெயரால் அதில் யாரையும் விலக்க முடியாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டாக்டர் நிக்ஸன், இருபது ஆண்டுகளுக்கு முன் தம்மைத் திருப்பி அனுப்பிய எல் பாசோவில், ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தார்.

தலைவரியும் எழுத்தறிவுச் சோதனைகளும் ஒழிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின: 1964இல் இருபத்து நான்காவது திருத்தம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். ஆகவே, சகோதரி, நூலகத்தில் அந்த மேசை இருப்பதும், பெயர் பட்டியலில் இருக்கும் எவர் வந்து எந்தச் சீட்டைக் கேட்டாலும் அந்த மூதாட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் ஒரு மருத்துவர் இருபது ஆண்டுகள் விடாமல் கதவைத் தட்டியதால் கிடைத்தவை. நீங்கள் திரும்பிப் போய் வாக்களிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மேகலை (நியூ ஜெர்சி):

ஆஸ்டின் நண்பர் சொன்னது டெக்சாஸுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் இந்த இழையை வேறு மாநிலங்களில் உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்: இங்கே நம் இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுமைக்கும் தேர்தல் நடத்தும் ஓர் அமைப்புக் கிடையாது. கூட்டரசுத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது பிரசாரப் பணத்தின் வரவு செலவை மட்டுமே கண்காணிக்கிறது. தேர்தலை நடத்துவது மாநிலமும் அதன் கீழுள்ள கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை). டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் இருக்கின்றன.

அதனால் விதி ஊருக்கு ஊர் மாறும். எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பதிவிலேயே கட்சியைக் குறிப்பிடலாம். எதிலும் பதியாதவர் பிரைமரி அன்று சாவடியிலேயே ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில் பதிந்தவர் மற்றதில் வாக்களிக்க முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இன்னும் கண்டிப்பு: பல மாதங்களுக்கு முன்பே கட்சியில் பதிந்திருந்தால்தான் அதன் பிரைமரியில் இடம் உண்டு. என் கல்லூரித் தோழி ஒருத்தி அங்கே மேயர் பிரைமரிக்கு ஆசையாகப் போய், எந்தக் கட்சியிலும் பதியாததால் வெறுங்கையோடு திரும்பினாள். கலிஃபோர்னியாவில் காங்கிரஸ் (இந்நாட்டு நாடாளுமன்றம்), மாநிலப் பதவிகளுக்கு எல்லாரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள், சில சமயம் இருவரும் ஒரே கட்சியாகவே இருப்பார்கள். வட டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே இல்லை. எனவே அக்கா, அண்ணன், நண்பர் சொன்னார் என்று எதையும் நம்பாமல், உங்கள் மாநில இணையதளத்தில் உங்கள் கவுண்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் விசாவில் இருப்பவர்களும் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளர் பதிவுக் கேள்வியும் படிவத்தோடு சேர்ந்து வரும். அவசரத்தில் "ஆம்" என்று குறித்துக் கையெழுத்திட்டால் நீங்கள் குடிமகன் என்று பொய்யாக உறுதியளித்ததாக ஆகிவிடும். கூட்டரசுத் தேர்தலில் குடிமகன் அல்லாதவர் வாக்களிப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படுவதோடு நாட்டைவிட்டே அனுப்பப்படலாம். படிவத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கொங்குநாட்டான் (ஹூஸ்டன்):

விளக்கங்கள் அருமை. ஆனால் சகோதரி நடைமுறையில் எந்தச் சீட்டை வாங்குவது என்பதை யாரும் சொல்லவில்லை. என் கருத்து இது. டெக்சாஸில் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி கடைசியாக வென்றது 1976இல், ஜிம்மி கார்ட்டர் காலத்தில். மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் பதவிகளில் 1994க்குப் பிறகு அந்தக் கட்சி ஒன்றைக்கூட வென்றதில்லை. காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையை வரைவதும் மாநிலச் சட்டமன்றம்தான். நம் ஊரில் அதற்குத் தனி ஆணையம் உண்டு, இங்கே ஆளும் கட்சியே கோடு போட்டுக்கொள்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வரைவது வழக்கம். 2025இல் அதற்குக்கூடக் காத்திராமல் டெக்சாஸ் இடையிலேயே வரைந்தது, அதற்குப் பதிலடியாகக் கலிஃபோர்னியாவும் நவம்பரில் வாக்காளர் ஒப்புதலோடு தன் எல்லைகளை மாற்றியது. இப்படி வரைந்த தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் நவம்பர் முடிவு முன்பே தெரிந்துவிடும். உண்மையான போட்டி மார்ச்சில்தான். ஆகவே, உங்கள் மனச்சாய்வு எதுவாக இருந்தாலும், உங்கள் தொகுதியில் எந்தக் கட்சி வெல்லுமோ அந்தக் கட்சியின் சீட்டை வாங்கி, அதில் இருப்பவர்களில் நல்லவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பயன்தரும். நான் பத்தாண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

மேகலை (நியூ ஜெர்சி):

ஐயா சொல்வது சட்டப்படி சரிதான், தவறே இல்லை. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கட்சியின் கொள்கையை நம்புகிறவர்கள் எல்லாரும் வெல்லும் கட்சியின் பிரைமரிக்கே போய்விட்டால், தோற்கும் கட்சியில் நல்ல வேட்பாளர் எப்படி உருவாவார்? வெல்லவே முடியாது என்று இருந்த மாநிலங்கள் மாறியதும் உண்டு. 1964க்கும் 2008க்கும் இடையில் வர்ஜீனியா ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு வாக்களிக்கவில்லை. 2008இல் அந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்த பிறகு ஒருமுறைகூட மாறவில்லை. யாரோ அத்தனை ஆண்டுகள் தோற்கும் பிரைமரியில் வாக்களித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

புதுவாக்காளர் (டாலஸ்):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் நிக்ஸனின் வரலாற்றை என் கணவருக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினேன். நாளை காலையே போகப் போகிறேன். எந்தச் சீட்டு என்பதை முடிவு செய்துவிட்டேன், என் தந்தையின் வழக்கப்படி இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

கொங்குநாட்டான் ஐயா எழுதியதைப் படித்ததும் இன்னொரு சந்தேகம் வந்தது. நவம்பர் முடிவு முன்பே தெரியும் என்றால், 2028 அதிபர் தேர்தலில் டெக்சாஸில் நான் போடும் வாக்குக்கு என்ன மதிப்பு? அதிகம் வாக்கு வாங்கியவர் தோற்றதும் உண்டு என்கிறார்களே, அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

ஆஸ்டின் தமிழன்:

அதிபரைத் தேர்ந்தெடுப்பது ஐம்பது மாநிலங்களிலும் தலைநகரிலும் தனித்தனியாக நடக்கும் ஐம்பத்தொரு தேர்தல்கள் என்று வைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு இரண்டு செனட் இடங்களையும் கூட்டிய அளவுக்குத் தேர்வாளர்கள், அதாவது மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள், உண்டு. டெக்சாஸுக்கு 38ம் 2ம் சேர்ந்து 40. தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538, வெல்ல 270. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கு மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் போய்விடுவார்கள். 2000இல் ஃபுளோரிடாவில் 537 வாக்குகள் முன்னிலை பெற்ற ஜார்ஜ் புஷ், நாடு முழுவதும் ஐந்து லட்சம் வாக்குகளுக்கு மேல் குறைவாக வாங்கியும் 271 தேர்வாளர்களோடு அதிபரானார். 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றார். இது நியாயமா என்றால், என் மனதுக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தேர்வாளர் முறையையே நீக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், அதற்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். இந்த முறையால் பலன் பெறும் சிறிய மாநிலங்கள் அதற்குச் சம்மதிக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அதிபர் பதவி அந்தச் சீட்டின் முதல் வரி மட்டுமே. நம் ஊரில் சட்டமன்றத் தேர்தல் என்றால் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவோம்; முதலமைச்சர், அமைச்சரவை எல்லாம் அந்த ஒரு வாக்கிலிருந்து வரும். இங்கே ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். இந்த ஆண்டு நவம்பரில் உங்கள் சீட்டில் செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ஆளுநர், துணை ஆளுநர், தலைமை வழக்குரைஞர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், கவுண்டி அதிகாரிகள் என்று வரிசையாக வரும். ஆளுநர் என்றதும் குடியரசுத் தலைவர் நியமிக்கும் நம் ஊர் ஆளுநரை நினைக்க வேண்டாம். இவர் முதலமைச்சரைப் போல மாநிலத்தை ஆள்பவர். நீதிபதிகளையும் டெக்சாஸில் நாம்தான் கட்சிப் பெயரோடு தேர்ந்தெடுக்கிறோம், மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரைக்கும். "ரயில்வே ஆணையர்" என்று ஒரு பதவியைக் காண்பீர்கள். ரயிலுக்கும் அவருக்கும் இப்போது தொடர்பே இல்லை, மாநிலத்தின் எண்ணெய், எரிவாயுத் தொழிலைக் கட்டுப்படுத்துபவர் அவர். பெயரைப் பார்த்து நமக்கென்ன என்று தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். இந்த ஒவ்வொரு வரியிலும் உங்கள் வாக்கு நேராக எண்ணப்படும், தேர்வாளர் குழு குறுக்கே வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. கட்சியில் கொறடா உண்டு, ஆனால் அவர் சொன்னபடி வாக்களிக்காததற்காக யாருடைய பதவியும் பறிபோகாது. 2017 ஜூலையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டுக்கு வந்தபோது, ஆளும் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் நள்ளிரவுக்குப் பின் அவைக்குள் நடந்து வந்து கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். அந்த மசோதா 49க்கு 51 என்று தோற்றது. அடுத்த நாளும் அவர் அதே கட்சியின் செனட்டராகவே இருந்தார். அதனால் இங்கே கட்சியைப் பார்ப்பது போலவே ஆளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம் பிரைமரிதான். அந்த அளவில் கொங்குநாட்டான் ஐயாவின் கவலையும் மேகலை அவர்களின் கவலையும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்டீர்கள். 2017 நவம்பரில் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆம் தொகுதியில், எல்லா மறு எண்ணிக்கைகளும் நீதிமன்ற விசாரணையும் முடிந்தபோது, டேவிட் யான்சி, ஷெல்லி சைமண்ட்ஸ் இருவருக்கும் சரியாக 11,608 வாக்குகள் இருந்தன. 2018 ஜனவரி 4ஆம் தேதி, இருவர் பெயரையும் எழுதிய சீட்டுகளைப் பழைய காலத்துப் புகைப்படச் சுருள் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் இட்டுக் கலக்கி, அதிகாரி ஒன்றை எடுத்தார். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லப்படும் குடவோலையேதான். யான்சியின் பெயர் வந்தது. அந்த ஓர் இடத்தால் 100 பேர் கொண்ட அவை 51க்கு 49 என்று குடியரசுக் கட்சியின் கையிலேயே நின்றது. அன்று அந்தத் தொகுதியில் வேலை இருக்கிறது என்று வீட்டிலிருந்த யாராவது ஒருவர் வந்திருந்தால் கிண்ணத்துக்கே வேலை இருந்திருக்காது.

புதுவாக்காளர் (டாலஸ்):

வாக்களித்துவிட்டேன். அதே மூதாட்டிதான் மேசையில் இருந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். இம்முறை கட்சியின் பெயரைத் தயங்காமல் சொன்னேன். குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. திரையில் பெயர்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு தாள் அச்சாகி வந்தது. அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, எண்ணும் கருவிக்குள் நானே செலுத்தினேன். விரலில் மை வைக்கவில்லை, அதற்குப் பதிலாக "நான் வாக்களித்தேன்" என்று எழுதிய ஒட்டுத்தாளைக் கொடுத்தார்கள். அதை மகள் வாங்கித் தன் தண்ணீர்ப் புட்டியில் ஒட்டிக்கொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிபதிப் பதவிகளில் ஐந்தாறு இடங்களைக் காலியாகவே விட்டுவிட்டேன். நிற்பவர்கள் யாரென்றே தெரியாமல் பெயரைப் பார்த்துத் தொட மனம் வரவில்லை. இதனால் என் சீட்டு செல்லாமல் போகுமா?

ஆஸ்டின் தமிழன்:

வாழ்த்துகள் சகோதரி. செல்லாமல் போகாது. நிரப்பிய இடங்கள் எண்ணப்படும், விட்ட இடங்கள் விட்டவைதான். நவம்பருக்கு முன் உங்கள் கவுண்டி இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு வெளியாகும்; அதை அச்செடுத்து, வீட்டிலேயே நிதானமாகப் படித்துக் குறித்துவைத்து, அந்தத் தாளைக் கையில் எடுத்துப் போகலாம். வாக்குச்சாவடிக்குள் கைப்பேசியை எடுத்துப் பார்க்க அனுமதி இல்லை என்பதால் தாளாகவே கொண்டு போங்கள்.

நவம்பருக்கு முன்பே இன்னொரு தேர்தல் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை டெக்சாஸின் பல ஊர்களில் நகர மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் தேர்தல் நடக்கும். சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது, மேசையில் யாரும் எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டு வரியில் பெரும்பகுதி பள்ளிக்குத்தான் போகிறது. மகள் படிக்கும் பள்ளியை நடத்துகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. அதற்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் பள்ளி மாவட்டத்துக்குத் தேர்தல் மே மாதமா நவம்பரா என்பதை இந்த வாரமே பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.